ஆகாயத்திலும் நோய் உண்டு. அதற்கும் படிப்பு உண்டு!



துபாயிலிருந்து புறப்பட்டு வந்த இரண்டு விமானங்களை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. ஒன்று, 2010 மே 22 அன்று விடியற்காலையில் மங்களூரில் இறங்கிய விமானம். ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து தீப்பற்றியது. 158 உயிர்கள் போயின. பிழைத்தவர்கள் எட்டே பேர். மற்றொன்று, 2020 ஆகஸ்ட் 7 அன்று இரவு, கொரோனாக் காலத்தில் ஊர் திரும்பத் தவித்த மக்களை ஏற்றிக்கொண்டு கோழிக்கோட்டில் இறங்கிய விமானம். அதுவும் ஓடுபாதையைத் தாண்டிச் சரிவில் விழுந்து உடைந்தது. விமானிகள் இருவர் உட்பட 21 பேர் இறந்தார்கள்.

செய்தி வந்த அன்று அழுதோம். பிரார்த்தித்தோம். உதவிக்கு ஓடியவர்களைப் பாராட்டினோம். ஆனால், இந்த விபத்துகள் பற்றிப் பின்னர் வெளிவந்த விசாரணை அறிக்கைகளில் என்ன இருந்தது என்று படித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

மங்களூர் அறிக்கை என்ன சொன்னது? சரியான வேகத்திலும் உயரத்திலும் வராத விமானத்தை மீண்டும் மேலே எழுப்பாமல் இறக்க முயன்றதே நேரடிக் காரணம். துணை விமானி மூன்று முறை எச்சரித்தும் அது நடக்கவில்லை. அதற்குத் துணை நின்ற காரணங்களில் ஒன்றாக அறிக்கை குறிப்பிட்டது, விமானத் தலைவர் பயணத்தின்போது நீண்ட நேரம் உறங்கியிருந்ததை. ஆழ்ந்த உறக்கத்திலிருந்து விழித்த மனிதனின் கண் திறந்திருக்கும். மூளை முழுதாக விழித்திருக்காது. அந்தச் சில நிமிடங்களில் எடுக்கும் முடிவு தவறிப்போகும்.

கோழிக்கோடு அறிக்கையிலும் நேரடிக் காரணம் அதே போன்றதுதான். விதிமுறையை மீறி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி ஓடுபாதையில் இறங்கியது. ஆனால் அந்த அறிக்கை இன்னொன்றையும் சொன்னது. விமானத் தலைவர், மருத்துவர் எழுதித் தராத பல சர்க்கரை மருந்துகளை எடுத்து வந்திருக்கிறார். அதனால் இரத்தத்தில் சர்க்கரை இலேசாகக் குறைந்து, முடிவெடுக்கும் திறன் நுட்பமாகப் பாதிக்கப்பட்டிருக்கக் கூடும் என்றது.

இறந்துபோனவர்கள் மீது பழி போடுவது நம் நோக்கமன்று. அவர்கள் ஆண்டுக்கணக்கில் வானத்தில் உழைத்தவர்கள். நாம் கேட்பது ஒன்றுதான். தூக்கம், சர்க்கரை, மாத்திரை. இவை மூன்றும் இயந்திரக் கோளாறா? இவை டாக்டர்களின் துறையல்லவா? அப்படியானால், விமானத்தையும் மனித உடலையும் சேர்த்துப் படித்த டாக்டர்கள் நம்மிடம் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

விமான மருத்துவம் என்றால் என்ன?

'விமான மருத்துவம்' என்று ஒரு துறை இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. எம்.பி.பி.எஸ். படித்த பிள்ளைகளிடம் கேட்டாலும், "அது விமானப் படைக்காரர்களுக்கு" என்று சொல்லிவிடுவார்கள். அது பாதி உண்மைதான்.

இந்தத் துறையின் வயது ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள். விமானம் பிறப்பதற்கு முன்பே அது பிறந்துவிட்டது. 1875 ஏப்ரல் 15 அன்று பிரான்சில் 'செனித்' என்ற பலூனில் மூவர் எட்டாயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்தார்கள். ஆக்ஸிஜன் பைகள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. எடுத்து மூக்கில் வைத்துக்கொள்ளக் கை எழவில்லை. இருவர் இறந்தார்கள். தப்பியவர் காஸ்தோன் திசாந்தியே ஒருவர்தான். அவர்களுக்கு ஆலோசனை சொன்ன உடலியல் அறிஞர் பால் பெர், கொண்டுபோகும் ஆக்ஸிஜன் போதாது என்று கடிதம் எழுதியிருந்தார். கடிதம் உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை! மூன்றாண்டுகள் கழித்து, 1878-இல், காற்றழுத்தம் உடலை என்ன செய்கிறது என்று அவர் வெளியிட்ட பெரும் நூல்தான் இத்துறைக்கு அடித்தளம்.

அறிவு இருந்தது. தேவைப்பட்ட இடத்துக்கு அது வந்து சேரவில்லை. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றும் நிலைமை ஏறக்குறைய அதுதான்.

உயரே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது. பதினெட்டாயிரம் அடியில் அது பாதியாகிவிடும். பயணிகள் விமானம் பறக்கும் முப்பத்தையாயிரம் அடியில் விமானத்துக்குள் அழுத்தம் போய்விட்டால், ஒரு விமானி தெளிவாகச் செயல்படக் கிடைக்கும் நேரம் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம்தான். கொடுமை என்னவென்றால், தனக்கு மூளை மங்குகிறது என்பதே அந்த மனிதனுக்குத் தெரியாது. சிலருக்கு அந்த நிலை இன்பமாகக்கூட இருக்குமாம்.

2005 ஆகஸ்ட் 14 அன்று சைப்ரஸின் லார்னகாவிலிருந்து ஏதென்ஸ் நோக்கிப் புறப்பட்ட ஹீலியோஸ் நிறுவன விமானத்துக்கு இதுதான் நேர்ந்தது. உள்ளே அழுத்தம் தரும் அமைப்பின் திருகு தானாக இயங்கும் நிலையில் வைக்கப்படவில்லை. எச்சரிக்கை ஒலி எழுந்தது. விமானிகள் அதை வேறு ஏதோ ஒன்று என்று எண்ணிவிட்டார்கள். சற்று நேரத்தில் நினைவிழந்தார்கள். எரிபொருள் தீரும்வரை விமானம் தானே பறந்தது. பக்கத்தில் பறந்து பார்த்த கிரேக்கப் போர் விமானங்களால் எதுவும் செய்ய முடியவில்லை. 121 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை.

உயரம் மட்டும்தான் ஆபத்தா? மனமும்தான். 2015 மார்ச் 24 அன்று ஜெர்மன்விங்ஸ் விமானத்தைத் துணை விமானியே ஆல்ப்ஸ் மலையில் மோதினார். 150 பேர் இறந்தார்கள். அவருடைய மனநோய் டாக்டர்களுக்குத் தெரிந்திருந்தது. மருத்துவமனையில் சேர வேண்டும் என்று சில வாரங்களுக்கு முன்புதான் ஒரு டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் விமான நிறுவனத்துக்கோ, உரிமம் தரும் அதிகாரிகளுக்கோ அது போய்ச் சேரவில்லை. நோயாளியின் இரகசியம் காப்பது டாக்டரின் கடமை. நூற்றைம்பது பேரின் உயிரைக் காப்பதும் கடமை. இரண்டும் மோதும்போது எதைச் செய்வது? இதைச் சாதாரண மருத்துவப் படிப்பு ஆழமாகச் சொல்லித் தருவதில்லை. விமான மருத்துவம் சொல்லித் தருகிறது.

1944-இல் சிகாகோவில் நாடுகள் கூடிச் செய்த உடன்படிக்கையின் கீழ்தான் உலக விமானப் போக்குவரத்து நடக்கிறது. அதன் முதலாம் இணைப்பு விமானிகளின் உடல் தகுதியை வகுத்துச் சொல்கிறது. பயணிகள் விமானம் ஓட்டுபவருக்கு முதல் வகுப்புத் தகுதி. பொழுதுபோக்காகத் தனி விமானம் ஓட்டுபவருக்கு இரண்டாம் வகுப்பு. கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவருக்கு மூன்றாம் வகுப்பு. குறிப்பிட்ட கால இடைவெளியில் சோதனை. யார் பறக்கலாம், யார் நிறுத்தி வைக்கப்பட வேண்டும் என்று சொல்ல ஒரு டாக்டர் வேண்டும்.

"மாரடைப்பு வந்தவர் இனிப் பறக்கவே கூடாது" என்று சொல்வது எளிது. அது பாதுகாப்பு போலத் தோன்றும். ஆனால் அப்படிச் சொன்னால் என்ன நடக்கும்? நெஞ்சு வலித்தாலும் விமானி வாயைத் திறக்க மாட்டார். பிழைப்பு போய்விடுமே! ஆகவே இத்துறையினர் கணக்குப் போடுகிறார்கள். இரண்டு விமானிகள் இருக்கும் விமானத்தில், ஓராண்டுக்குள் ஒருவர் திடீரெனச் செயலிழக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்றைத் தாண்டக் கூடாது என்பது பல நாடுகளில் அளவுகோலாகப் பயன்படுகிறது. சோதனைகள் செய்து, சிகிச்சை கொடுத்து, அந்த அளவுக்குள் வந்தால் அவர் மீண்டும் பறக்கலாம். பொது மக்களின் உயிருக்கும் ஒரு தொழிலாளியின் பிழைப்புக்கும் நடுவே நின்று நீதி வழங்குவது போன்ற வேலை இது.

பயணியின் கதை

"நாம் விமானி இல்லையே, நமக்கென்ன?" என்று நீங்கள் கேட்கலாம். சரக்கு எடுக்க சிங்கப்பூர், துபாய், குவாங்சோ என்று பறக்கிறீர்கள். பிள்ளைகள் வளைகுடாவில் இருக்கிறார்கள். வயதான பெற்றோரை ஹஜ்ஜுக்கு அனுப்புகிறீர்கள். சென்னையிலிருந்து ஜித்தாவுக்கு ஐந்து மணி நேரத்துக்கும் மேலான பயணம். இவர்கள் எல்லோரும் விமான மருத்துவத்தின் நோயாளிகள்தான்.

விமானத்துக்குள் தரையில் இருக்கும் அழுத்தம் இருப்பதில்லை. ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரத்தில் இருக்கும் அழுத்தம்தான் இருக்கும். அதாவது, விமானத்தில் ஏறியவர் பல மணி நேரம் உதகமண்டலத்து உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். நல்ல உடம்புக்கு இது ஒன்றும் செய்யாது. நுரையீரல் கெட்டவருக்கு, இருதயம் பலவீனமானவருக்கு, இரத்தசோகை உள்ளவருக்கு இதுவே போதும்.

இன்னொன்று. அந்த உயரத்தில் உடலுக்குள் அடைபட்ட காற்று ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெருகுகிறது. காது அடைப்பது அதனால்தான். காதோடு நின்றால் பரவாயில்லை. விழித்திரை விலகலுக்கு அறுவை செய்து கண்ணுக்குள் வாயுக்குமிழ் வைத்திருப்பவர் விமானம் ஏறினால், அந்தக் குமிழ் பெருத்துப் பார்வையையே பறித்துவிடலாம். வயிற்றில் அறுவை செய்து சில நாட்களே ஆனவருக்குத் தையல் பிரியும் அபாயம் உண்டு. கை கால் முறிந்து புதிதாக மாவுக்கட்டுப் போட்டவருக்கு, கட்டுக்குள்ளே வீங்கி இரத்த ஓட்டம் தடைப்படலாம். கட்டை நீளவாக்கில் பிளந்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும்.

1995 மே மாதம் ஹாங்காங்கிலிருந்து லண்டன் சென்ற விமானத்தில் ஒரு பெண் பயணிக்கு நெஞ்சு வலி, மூச்சுத் திணறல். விமான நிலையத்துக்கு வரும் வழியில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தவர் அவர். விலா எலும்பு முறிந்து, நெஞ்சுக்கூட்டுக்குள் காற்று சேர்ந்து நுரையீரலை அழுத்தியது. அதே விமானத்தில் பயணம் செய்த எலும்பு அறுவை நிபுணர் பேராசிரியர் ஆங்கஸ் வாலஸ், இன்னொரு டாக்டரின் துணையோடு, துணி மாட்டும் கம்பியையும், சிறுநீர்க் குழாயையும், தண்ணீர்ப் பாட்டிலையும் வைத்துக்கொண்டு அந்தக் காற்றை வெளியேற்றினார். கிருமி நீக்க விமானத்தில் இருந்த பிராந்தியே மருந்தாயிற்று. அந்தப் பெண் பிழைத்தார். டாக்டரின் துணிவை உலகமே பாராட்டியது. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அந்தப் பயணி விமானத்தில் ஏறும் முன்பே ஒருவர் சரியாகக் கேட்டிருந்தால், அந்தக் கம்பிக்கு வேலையே இருந்திருக்காது.

இது எப்போதாவது நடப்பது என்று எண்ணிவிட வேண்டாம். 2013-இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான ஆய்வு, ஐந்து விமான நிறுவனங்களில் 2008 முதல் 2010 வரை நடந்த 11,920 மருத்துவ அவசரங்களை ஆராய்ந்தது. 604 பயணங்களுக்கு ஓர் அவசரம் என்று கணக்கு வந்தது. ஏறத்தாழ பாதி நிகழ்வுகளில் உதவிக்கு வந்தவர், பயணியாக இருந்த ஒரு டாக்டர். அதாவது, விமானத்தில் "டாக்டர் யாராவது இருக்கிறீர்களா?" என்ற குரல் கேட்டால் எழுந்து நிற்பவர் உங்கள் தெருவில் கிளினிக் வைத்திருப்பவராகவும் இருக்கலாம். அவருக்கு இந்த அறிவு வேண்டாமா?

பறப்பதற்கு முன்பு நோயாளியின் நிலையைக் குறிப்பிட விமான நிறுவனங்கள் ஒரு படிவம் தருகின்றன. சிகிச்சை தரும் டாக்டர் அதை நிரப்ப வேண்டும். வளைகுடாவில் அடிபட்டுப் படுக்கையில் ஊர் திரும்பும் தொழிலாளிக்கும் அதே படிவம்தான். "பறக்கத் தகுதியானவர்" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்கள். அந்த வரியின் பாரம் என்ன என்பதை அறிந்து எழுதுகிறவர்கள் எத்தனை பேர்?

எங்கே படிப்பது?

இந்தியாவில் இத்துறைக்குத் தலைமையிடம் பெங்களூரில் உள்ள விமானப் படையின் வான்வெளி மருத்துவக் கழகம். 1957-இல் தொடங்கப்பட்டது. மனிதரைச் சுழற்றிப் பார்க்கும் இயந்திரமும், காற்றழுத்தத்தைக் குறைத்துப் பார்க்கும் அறையும் அங்கே இருக்கின்றன. மூன்றாண்டு எம்.டி. படிப்பும் உண்டு. ஆனால் அதன் முதல் கடமை படைக்கு டாக்டர்களை உருவாக்குவது. கிளினிக் நடத்தும் நம் ஊர் டாக்டருக்கு அது எட்டாத கனிதான்.

லண்டன் கிங்ஸ் கல்லூரி பல ஆண்டுகளாக நேரடி வகுப்புகள் நடத்தி வந்திருக்கிறது. வேலையை விட்டுவிட்டு அங்கே போய்த் தங்கிப் படிக்க எத்தனை பேருக்கு வசதி உண்டு?

இங்கேதான் நியூசிலாந்தின் முன்மாதிரியைப் பார்க்க வேண்டும். 1869-இல் நிறுவப்பட்ட ஒடாகோ பல்கலைக்கழகம், தன் வெலிங்டன் வளாகத்திலிருந்து விமான மருத்துவத்தைத் தொலைதூர முறையிலேயே பல ஆண்டுகளாக டாக்டர்களுக்குக் கற்பித்து வந்திருக்கிறது. முதுநிலைப் பட்டயம், அதற்கு மேல் முதுநிலைப் பட்டம், நோயாளிகளை வான்வழியே ஏற்றிச் செல்வதற்கெனத் தனிச் சான்றிதழ் என்று படிப்படியாக வைத்திருக்கிறார்கள். உடலியல், விமானிகளின் தகுதி, பயணிகளின் உடல்நலம், நோயாளிகளைக் கொண்டுசெல்லுதல், சட்டம், விமான நிலையச் சுகாதாரம் என்று பாடங்கள் விரிகின்றன.

வியாபாரிகளுக்குப் புரியும்படி கணக்குச் சொல்லவா? அந்நாட்டு முறையில் ஒரு முதுநிலைப் பட்டயத்துக்கு 120 புள்ளிகள். ஒரு புள்ளிக்குப் பத்து மணி நேர உழைப்பு. ஆக 1,200 மணி நேரம். வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஒதுக்கினால் நூறு வாரம், ஏறத்தாழ இரண்டாண்டு. கிளினிக்கை மூடாமல், குடும்பத்தைப் பிரியாமல் முடிக்கலாம். ஆனால் அந்த 1,200 மணி நேரத்தை யாரும் தள்ளுபடி செய்து தர மாட்டார்கள்!

தொலைதூரம் என்றால் தாழ்வா?

நம் மக்களிடையே ஒரு எண்ணம் ஊறிக் கிடக்கிறது. 'தபால் வழிப் படிப்பு' என்றால், கல்லூரியில் இடம் கிடைக்காதவர்களுக்கு என்று. இளைஞர்களே, இந்த எண்ணத்தை இத்துறையில் வைத்துப் பார்க்காதீர்கள்.

ஒரே ஊரில் ஐம்பது மாணவர்கள் கிடைக்கும் படிப்பு அல்ல இது. தேவைப்படுகிறவர்கள் உலகமெங்கும் சிதறிக் கிடக்கிறார்கள். ஒருவர் விமான நிலைய மருத்துவ அறையில், ஒருவர் எண்ணெய் வயலில், ஒருவர் ஆம்புலன்ஸ் விமானத்தில். இவர்களை ஓரிடத்தில் கூட்டுவதைவிடப் படிப்பை அவர்களிடம் அனுப்புவதே அறிவு. அதுவுமின்றி, இவர்கள் ஏற்கெனவே டாக்டர்கள். நாடி பிடிக்கவும் ஊசி போடவும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்களுக்கு வேண்டியது புதிய கண்ணாடி. காலையில் பார்த்த சர்க்கரை நோயாளியை, "இவர் விமானியாக இருந்தால்?" என்று இரவில் படிக்கும் பாடத்தோடு வைத்துப் பார்க்கலாம். இது வகுப்பறையில் கிடைக்காத வசதி.

இன்னும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் வீடுகளில் எம்.பி.பி.எஸ். முடித்த பெண் பிள்ளைகள் பெருகி வருகிறார்கள். திருமணம், குழந்தை, கணவரின் வெளிநாட்டு வேலை என்று வந்ததும் மேற்படிப்பு நின்றுபோகிறது. ஐந்தரை ஆண்டு உழைப்பு அலமாரியில் சான்றிதழாக உறங்குகிறது. 2024-இல் நீட் முதுநிலைத் தேர்வை எழுதியவர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல். அந்தக் கூட்டத்தில் முட்டி மோதி இடம் கிடைக்காதவர்கள், "இனி ஒன்றுமில்லை" என்று முடங்கிப்போகிறார்கள். துபாயிலோ தோஹாவிலோ கணவரோடு இருக்கும் ஒரு பெண் டாக்டருக்கு இத்தகைய படிப்பு வாசலைத் திறக்காதா?

ஏமாறக் கூடாத இடம்

இவ்வளவும் சொன்ன பிறகு, கசப்பான உண்மையையும் சொல்லாமல் விட்டால் அது துரோகமாகும்.

தொலைதூர முறையில் பெறும் இத்தகைய பட்டயம் இந்தியாவில் எம்.டி. ஆகாது. தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேட்டில் முதுநிலைத் தகுதியாக ஏறாது. அதை வைத்து மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக முடியாது. பெயர்ப் பலகையில் நிபுணர் என்று போட்டுக்கொள்ளவும் கூடாது.

இந்தப் பாடத்தை ஏற்கெனவே ஒரு தலைமுறை டாக்டர்கள் விலை கொடுத்துக் கற்றிருக்கிறார்கள். 2006-இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இதயவியலில் இரண்டாண்டு முதுநிலைப் பட்டயத்தைத் தொடங்கியது. மத்திய அரசின் பல்கலைக்கழகம்! பெரிய இருதய மருத்துவமனைகளில் பயிற்சி! இதைவிட என்ன உத்தரவாதம் வேண்டும் என்று நம்பிச் சேர்ந்தார்கள். இந்திய மருத்துவக் கவுன்சில் அதை ஏற்கவில்லை. படித்து முடித்தவர்கள் அங்கீகாரம் கேட்டு நீதிமன்றப் படியேற வேண்டியதாயிற்று. அவர்கள் பெற்ற அறிவு பொய்யல்ல. ஆனால் அந்தத் தாளுக்கு அவர்கள் நினைத்த மதிப்பு இல்லை.

எனவே பணம் கட்டும் முன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது: பட்டயத்தைத் தருவது யார்? சட்டப்படி அமைந்த பல்கலைக்கழகமா, அல்லது பெயரில் மட்டும் 'சர்வதேசம்' வைத்திருக்கும் நிறுவனமா? நடுவில் தரகர் இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். நல்ல பல்கலைக்கழகத்துக்குத் தரகர் தேவையில்லை.

இரண்டாவது: நீங்கள் எந்த நாட்டில் இதைப் பயன்படுத்தப் போகிறீர்கள்? விமானிகளைச் சோதிக்கும் டாக்டரை நியமிப்பது அந்தந்த நாட்டு விமானப் போக்குவரத்துத் துறை. இந்தியாவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம். அவர்கள் எந்தப் பயிற்சியை ஏற்கிறார்கள் என்பதை அவர்களிடமே எழுத்தில் கேளுங்கள். பல்கலைக்கழக விளம்பரத்தை நம்பி முடிவு செய்யாதீர்கள்.

மூன்றாவது: நேரில் போக வேண்டிய நாட்கள் எத்தனை? காற்றழுத்தம் குறைந்த அறையில் உட்கார்ந்து, தன் மூளை மங்குவதைத் தானே அனுபவிக்காதவருக்கு இந்தப் படிப்பு முழுமையடையாது. புத்தகத்தில் படிப்பது வேறு, தன் பெயரைக்கூட எழுத முடியாமல் விரல் தடுமாறுவதைக் காண்பது வேறு. அந்த அனுபவத்துக்கு எங்கே ஏற்பாடு என்று கேளுங்கள்.

நான்காவது: மொத்தச் செலவு என்ன? கட்டணம் மட்டுமல்ல, நாணய மாற்று, தேர்வு, பயணம், விசா எல்லாம் சேர்த்து. பாதியில் நிறுத்தினால் அதுவரை படித்ததற்குச் சான்றிதழ் கிடைக்குமா?

இந்த நான்குக்கும் தெளிவான பதில் கிடைத்தால் சேருங்கள். கிடைக்காவிட்டால் காத்திருங்கள். பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்து கூடும் என்பதற்காகச் சேராதீர்கள். அறிவு வேண்டும் என்று சேருங்கள். விமான நிலையங்கள், ஆம்புலன்ஸ் விமானச் சேவைகள், பயணக் காப்பீட்டு நிறுவனங்கள், தங்களுக்கென மருத்துவப் பிரிவு வைத்திருக்கும் வளைகுடா விமான நிறுவனங்கள் என்று இந்த அறிவுக்கு வேலை உள்ள இடங்கள் பல. ஆனால் எவரும் வாசலில் மாலையோடு காத்திருக்கவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

வணிகப் பெருமக்களே!

ஊருக்கு ஊர் கல்வி உதவி கொடுக்கிறீர்கள். அந்தப் பணம் பெரும்பாலும் மருத்துவக் கல்லூரி வாசலோடு நின்றுவிடுகிறது. "டாக்டராகிவிட்டான், இனி அவன் பாடு" என்று திரும்பிவிடுகிறோம். அதற்குப் பிறகுதான் உண்மையான தேர்வு தொடங்குகிறது. வேலை பார்த்துக்கொண்டே மேலே படிக்க விரும்பும் டாக்டருக்குக் கடனாகவாவது ஒரு தொகை ஒதுக்குங்கள். திருப்பித் தரட்டும். பதிலுக்கு அவர் ஊருக்கு ஒன்று செய்யட்டும். ஹஜ், உம்ரா புறப்படும் முதியவர்களையும், வளைகுடா செல்லும் தொழிலாளர்களையும் மாதம் ஒரு நாள் உட்கார வைத்து, யார் பறக்கலாம், யாருக்கு ஆக்ஸிஜன் ஏற்பாடு வேண்டும், சர்க்கரை மருந்தை நேரம் மாறும் நாட்டில் எப்படி எடுப்பது, நீண்ட பயணத்தில் காலில் இரத்தம் உறையாமல் இருக்க என்ன செய்வது என்று சொல்லட்டும். ஒரு கப்பல் சரக்குக்குக் காப்பீடு எடுக்கத் தயங்காத நாம், ஒரு மனித உயிருக்கு இவ்வளவு செய்ய வேண்டாமா?

அரசுக்கும் ஒரு வார்த்தை. 2014-இல் நாட்டில் 74 விமான நிலையங்கள் இயங்கின. பத்தாண்டுகளில் அது 157 ஆயிற்று என்று அரசே பெருமையோடு கணக்குச் சொன்னது. மகிழ்ச்சி! ஓடுபாதைக்குச் சிமெண்ட் ஊற்றியது போல, அதில் பறப்பவர்களைக் காக்கும் டாக்டர்களையும் உருவாக்க வேண்டாமா? பெங்களூரில் அறை இருக்கிறது, இயந்திரம் இருக்கிறது, ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பாடங்களைத் தொலைதூர முறையில் அனுப்புங்கள். செய்முறைக்கு மட்டும் இரண்டு வாரம் அங்கே அழையுங்கள். தேர்வைக் கடுமையாக வையுங்கள். முடித்தவருக்குத் தேசிய மருத்துவ ஆணையமும் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககமும் சேர்ந்து ஒரே அங்கீகாரம் தரட்டும். நியூசிலாந்தின் மொத்த மக்கள் தொகை நம் ஒரு பெருநகரத்தின் அளவுகூட இல்லை. அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா?

இளைஞர்களே! உங்கள் குடும்பத்தில், தெருவில், நண்பர் வட்டத்தில் ஒரு டாக்டர் இருப்பார். இந்தப் பக்கத்தை மடித்து அவரிடம் கொடுங்கள். "டாக்டர், இப்படி ஒரு படிப்பு இருக்கிறதாமே, விசாரித்தீர்களா?" என்று கேளுங்கள். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு பால் பெர் எழுதிய கடிதம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. இந்தச் செய்தியையாவது உரியவர்களிடம் காலத்தோடு சேர்ப்போம்.